கைநழுவி விழுந்தால் துப்பாக்கி வெடிக்குமா?

மாணவர்களே, சினிமாவில் நீங்கள் பல தடவை பார்த்த காட்சி இது. கதாநாயகன் விட்ட உதையில் வில்லனின் கைத்துப்பாக்கி பறந்துபோய்த் தரையில் விழுகிறது. விழுந்த வேகத்தில் 'டுமீல்' என்று தானாகவே வெடிக்கிறது. நிஜ வாழ்க்கையில் இப்படி நடக்குமா?

சில வேளைகளில் நடக்கும். 2024 அக்டோபர் 1ஆம் தேதி அதிகாலையில், மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா வெளியூர் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற தம் ரிவால்வரை எடுத்துவைக்கும்போது அது கைநழுவி விழுந்து வெடித்தது என்று அவருடைய மேலாளர் தெரிவித்தார். குண்டு அவர் காலில் பாய்ந்தது. அறுவைச் சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள்.

'ஜெஞ்சாரோமில் இருக்கும் நமக்கு இது எதற்கு?' என்று கேட்காதீர்கள். பந்திங்கிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாதுகாவலரைக் கடந்துதான் நாம் உள்ளே போகிறோம். உங்களில் சிலர் நாளை போலீஸிலோ ராணுவத்திலோ சேரக்கூடும். அதோடு, இதில் உள்ள அறிவியல் முழுவதும் படிவம் 4 இயற்பியல் பாடத்தில் வருவதுதான்.

தோட்டாவின் உள்ளே

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: முன்னால் ஈயக் குண்டு, அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு, கூட்டுக்குள் வெடிமருந்து, கூட்டின் அடியில் பிரைமர் என்னும் சிறிய மூடி. பிரைமரில் உள்ள மருந்து தீக்குச்சியைப் போல உரச வேண்டியதில்லை. ஓர் ஊசி வேகமாக இடித்தாலே பற்றிக்கொள்ளும். அந்தத் தீ வெடிமருந்துக்குப் பரவி, உண்டாகும் சூடான வாயு குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது.

இங்கே ஒரு சொல் குழப்பம் வரலாம். விரலால் இழுக்கும் பாகத்தைத் தமிழில் 'விசை' என்பார்கள். இயற்பியலில் நியூட்டனால் அளப்பதும் விசைதான். ஆகவே இக்கட்டுரையில் துப்பாக்கியின் விசையை 'டிரிகர்' என்றே குறிப்பிடுகிறேன்.

விரல் செய்யும் வேலை எவ்வளவு?

ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 8 கிராம் எடை. வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள்: ½ × 0.008 × 350 × 350 = 490 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையை 10 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால், தரையைத் தொடும்போது அதற்கும் ஏறக்குறைய இதே ஆற்றல்தான். குண்டு அதை ஒரு விரல்நுனி அளவு இடத்தில் செலுத்துகிறது.

டிரிகரை இழுக்க வேண்டிய விசை பல கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ 25 நியூட்டன். இழுக்கும் தூரம் 12 மில்லிமீட்டர் அளவு. பெருக்கினால், விரல் செய்யும் வேலை அதிகபட்சம் 0.3 ஜூல். அதாவது 0.3 ஜூல் கொடுத்து 490 ஜூலை அவிழ்த்துவிடுகிறோம்; 1,600 மடங்குக்கும் மேல்! அணைக்கட்டின் மதகைத் திறப்பவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை, வழியை மட்டும் விடுகிறார். டிரிகரும் அப்படித்தான். அந்தச் சிறிய வேலையை உங்கள் விரல்தான் செய்ய வேண்டும் என்று துப்பாக்கிக்குத் தெரியாது. சட்டையின் நாடாவோ உறையின் மடிந்த ஓரமோ சிக்கி இழுத்தாலும் போதும்.

விழும்போது நடப்பது என்ன?

இடுப்பு உயரமான 1.2 மீட்டரிலிருந்து ஒரு துப்பாக்கி சிமெண்டுத் தரையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: 1200 ÷ 2 = 600. வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 600 மடங்கு! அந்தக் கணத்தில் 10 கிராம் எடையுள்ள ஒரு பாகம் 6 கிலோ போல அழுத்தும். டிரிகரை இழுக்கத் தேவையான 25 நியூட்டன் என்பது சுமார் 2.5 கிலோவின் எடைதான்.

இது ஒரு மில்லிவினாடிக்கும் குறைவாகவே நீடிப்பதால் விழும் துப்பாக்கி எல்லாம் வெடிப்பதில்லை. ஆனால் வடிவமைப்பவர் இதை மறந்தால் ஆபத்து.

1873இல் வந்த கோல்ட் ரிவால்வரில், அடிக்கும் சுத்தியின் முனை நேராகத் தோட்டாவின் பிரைமர்மீதே படிந்திருக்கும். சுத்தி தரையில் படும்படி விழுந்தால் இடி பிரைமருக்குப் போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, சுத்திக்கு நேரான அறையைக் காலியாக விட்டார்கள். பிற்காலத்து ரிவால்வர்கள் பலவற்றில் சுத்திக்கும் ஊசிக்கும் இடையே ஓர் எஃகுத் துண்டு உண்டு. டிரிகரை இழுத்தால்தான் அது மேலே வந்து இடியைக் கடத்தும். அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1973இல் தன் ரிவால்வர்களில் இதைச் சேர்த்தது.

நவீனத் துப்பாக்கியிலும் சிக்கல் வரலாம். சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வகை, பின்பக்கம் கீழாக ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2017இல் சோதனைகள் காட்டின. பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பள்ளியில் மலாயில் 'இனெர்சியா' என்று படிக்கும் நிலைமம் அது. துப்பாக்கியின் உடல் தரையில் நின்றுவிட்டது. டிரிகர் நிலைமத்தால் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. விரல் இழுக்கும் திசையும் அதுவே! ஊசியைத் தடுத்துவைக்கும் பூட்டும் டிரிகர் நகர்ந்தால் திறந்துவிடும் என்பதால் அதுவும் காப்பாற்றவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் பாகங்களை மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. முக்கியமான மாற்றம், எடை குறைந்த டிரிகர். நிறை குறைந்தால் நிலைமமும் குறையும்.

கை நம் பேச்சைக் கேட்காத நேரம்

இயந்திரம் சரியாக இருந்தாலும் மனித உடல் நம்மை ஏமாற்றும். நினைக்காமலே விரல் டிரிகரை இழுக்கும் மூன்று சூழல்களை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ரோஜர் எனோகா விளக்கியிருக்கிறார்: ஒரு கை எதையாவது இறுகப் பிடிக்கும்போது மறு கையும் சேர்ந்து இறுகுவது, கால் தடுமாறுவது, திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடுவது.

செய்து பாருங்கள்: வலக்கையில் ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியை மெதுவாகப் பிடியுங்கள். இடக்கையை முழுப் பலத்தோடு முஷ்டியாக மடக்குங்கள். பலருக்கு வலக்கை விரல்களும் தாமாக இறுகும். புட்டி நசுங்குகிறதா என்று நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

நான்கு விதிகள்

இதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் இயந்திரப் பூட்டை மட்டும் நம்புவதில்லை. அமெரிக்கப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகள் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுக.
2. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே.
3. இலக்கைக் குறிபார்க்கும்வரை டிரிகரில் விரல் வைக்காதே.
4. இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள்.

இவை அடுக்கடுக்கான வேலிகள். ஒரு விதி தவறினாலும் அடுத்தது உயிரைக் காக்கும். துப்பாக்கி தவறுதலாக வெடித்தாலும் குழல் ஆளில்லாத பக்கம் இருந்தால் காயம் இல்லை.

நான்காவது விதி எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வேதனையான சான்று உண்டு. 2021 டிசம்பர் 30ஆம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள பயிற்சித் தளத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தது. அப்போது தூரத்தில் தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் தேதி அவன் இறந்துபோனான்.

நீங்கள் செய்ய வேண்டியது

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம். புதரிலோ கால்வாய் ஓரத்திலோ துப்பாக்கியையோ தோட்டாவையோ கண்டால் தொடாதீர்கள். விளையாட்டுத் துப்பாக்கிதானே என்று எடுத்தும் பார்க்காதீர்கள். நண்பர்களையும் விலக்கிக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

'தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் ஆபத்து இல்லையே' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்டியைக் கழற்றினாலும் குழலின் பின்னால் உள்ள அறையில் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். 'காலியாக இருக்கிறது என்று நினைத்தேன்' என்று பின்னால் வருந்தும் விபத்துகள் பல இப்படித்தான் நடக்கின்றன.

யோசியுங்கள்: அதே துப்பாக்கி சிமெண்டில் விழாமல், 2 சென்டிமீட்டர் அமுங்கும் ரப்பர் விரிப்பில் விழுந்தால் 600 மடங்கு எத்தனை மடங்காகக் குறையும்? மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் உட்புறம் மென்மையான நுரைப் பஞ்சு இருப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? உங்கள் அறிவியல் ஆசிரியரோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.