ஊடுகதிரும் தருமபுரி எலும்பும்

எலும்புக்குப் பழந்தமிழில் என்பு என்றும் பெயருண்டு. உயிரோடிருக்கும் ஒருவருடைய என்பைத் தோலைக் கீறாமலே கண்ணாரக் காண இயலும் என்று 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாளுக்கு முன்னர் எவரும் எண்ணியிருக்க மாட்டார். அன்று ஜெர்மனி நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரில், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயொன்றில் மின்சாரம் செலுத்தி ஆய்ந்துகொண்டிருந்த வில்லெம் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர், கறுப்புத் தாளையும் ஊடுருவி வந்த ஒரு கதிரைக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையால், கணக்கில் அறியப்படாத எண்ணைக் குறிக்கும் எக்ஸ் என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் விரலில் கிடந்த மோதிரமும் அதில் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெற்றாரல்லர். பெற்றிருப்பின் நம்மூர் அரசு மருத்துவமனை வரை இக்கருவி வந்து சேர எத்துணைக் காலம் ஆகியிருக்குமோ!

எலும்பு முறிவைக் காட்டும் கருவி என்ற அளவிலேயே ஊடுகதிரை நம்மிற் பலர் அறிவர். அது பெரிய செய்தியன்று. முறிந்த கையை நேராகவும் பக்கவாட்டிலும் இரு படம் எடுத்தால் முறிவு தெரியும். ஊடுகதிர் அதனினும் நுட்பமாகப் பேசும் ஓர் இடம் தருமபுரி மாவட்டம். ஆண்டுக்கணக்கில் ஒருவர் எத்தகைய தண்ணீரைக் குடித்தார் என்பதை இங்கே எலும்பின் படம் சொல்லிவிடுகிறது. ஆதலின் ஈண்டு அதனையே விரித்துரைக்க விழைகிறோம்.

தருமபுரி பாறை நாடு. அப்பாறைகளில் புளூரைடு என்னும் பொருளைத் தாங்கிய கனிமங்கள் உண்டு. மழை குறைந்து, நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கும்போது அப்பொருள் நீரில் கரைகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பின் அது புளூரைடைப் பிடித்துப் படியச் செய்துவிடும். சுண்ணாம்பு குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரிலோ புளூரைடு கரைந்தபடியே நிற்கும். நிறமில்லை, மணமில்லை, சுவையும் வேறுபடுவதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இம்மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் இவ்வெல்லையைக் கடந்தது. கொதிக்க வைத்தால் தீங்கு நீங்கும் என்று எண்ணுவாரும் உளர். நீர் ஆவியாகிப் புளூரைடு எஞ்சுவதால் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

உடலினுள் தங்கும் புளூரைடில் ஏறத்தாழ முழுவதும் எலும்பிலும் பல்லிலுமே சென்று சேர்கிறது. குழந்தைப் பருவத்தில் பல்லின் எனாமல் உருவாகும்போது சேர்ந்தால் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் தோன்றும். தருமபுரி வட்டாரத்திலிருந்து வரும் மாணவ மாணவியருள் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வோரை நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். பல் துலக்காமையால் வந்த கறையன்று அது, துலக்கினாலும் போகாது. இதனை ஆசிரியர்களாகிய நாம் முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நோயை இந்தியா அறிந்த வரலாறு நம் பழைய சென்னை மாகாணத்தைச் சார்ந்ததே. அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதிச் சிற்றூர்களில் மக்கள் முதுகு விறைத்துக் குனிய மாட்டாமல் முடங்கியதைக் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் ஆய்ந்து, குடிநீரின் புளூரைடே காரணம் என்று 1937இல் எழுதினர். அதே ஆண்டில் ஷார்ட் வெளியிட்ட மற்றோர் ஆய்வுக் கட்டுரையில் உடன் எழுதியவர்களுள் ஒருவர் பர்னார்டு. அவர் சென்னை அரசு பொது மருத்துவமனையின் ஊடுகதிர் வல்லுநர். 1934இல் திறக்கப்பெற்ற பர்னார்டு கதிரியல் நிலையம் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நோயாளியின் உடலை மருத்துவரும், நீரை வேதியியலாரும், எலும்பைக் கதிரியலாரும் ஆராய்ந்து ஒன்று கூடி ஒரு முடிவுக்கு வந்தனர் என்பதே இவ்வரலாற்றில் நம் நெஞ்சைக் கவர்வது. இதற்கு ஐந்தாண்டு முன்னர், 1932இல், டென்மார்க்கில் கிரையோலைட் என்னும் கனிமத்தைப் பொடித்த தொழிலாளரின் எலும்புகள் படத்தில் மிகுந்து வெளுத்துத் தோன்றியதை இருவர் எழுதியிருந்தனர். அங்கே தூசி, இங்கே தண்ணீர், படம் ஒன்றே.

அப்படத்தில் காண்பது யாது? கதிரை மிகுதியாகத் தடுக்கும் பொருள் படத்தில் வெண்மையாகத் தெரியும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருத்தலால் அது வெண்மை. புளூரைடு நோயில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் விலா எலும்பும் இயல்புக்கு மீறி வெளுக்கின்றன. தொடக்கத்தில் எலும்பின் உள்வலைப் பின்னல் தடித்துச் சொரசொரப்பாகத் தெரியும். முற்றிய நிலையில் பின்னலே மறைந்து சுண்ணக்கட்டி போலாகிவிடும். எலும்போரங்களில் முள் முள்ளாக வளர்ச்சி தோன்றும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் சவ்வுகளும் எலும்பாக மாறத் தொடங்கும்.

இவற்றுள் நோயைப் பெரிதும் உறுதிப்படுத்துவது முன்கையின் படமே. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு எலும்புகள் இணையாக ஓடுகின்றன; அவற்றிடையே மெல்லிய சவ்வொன்று உண்டு. இயல்பான படத்தில் அச்சவ்வு தெரியாது. எலும்புகளுக்கிடையே கருமையே இருக்கும். புளூரைடு நோயாளியின் படத்தில் அச்சவ்வு சுண்ணமேறி, எலும்பின் விளிம்பிலிருந்து இரம்பப் பல் போலவோ கொடுமுள் போலவோ வெண்மையாக நீண்டு நிற்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத, சில நொடிகளில் எடுக்கக்கூடிய, மிகக் குறைந்த கதிர்வீச்சுடைய படம் இது. இடுப்பு வலிக்குக் கையைப் படமெடுக்கச் சொல்கிறாரே என்று மருத்துவரை ஐயுற வேண்டுவதில்லை. சேலத்துக்கும் பெங்களூருக்கும் அலைந்து பெரிய ஸ்கேன்களுக்குப் பொருளைச் செலவிடுமுன் இந்தச் சிறு படத்தைக் கேட்டுப் பெறுதல் நன்று என்பது நம் கருத்து.

வெளுத்த எலும்பெல்லாம் புளூரைடு எலும்பன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் எலும்பு வெளுக்கும். ஆயின் பெரும்பாலும் ஆங்காங்கே திட்டுத் திட்டாக இருக்கும். முன்கைச் சவ்வும் சுண்ணமேறாது. முதுகெலும்பை இறுக்கிப் பிணைக்கும் வேறொரு வாதநோயும் உண்டு. அதில் இடுப்புக்குப் பின்னுள்ள மூட்டுகள் அரிப்புண்டு ஒட்டிப்போகும். வந்தது புற்றோ, வாதமோ, நீரோ என்று பிரித்தறிவது ஒரு குடும்பத்தின் அச்சத்தையும் மருத்துவத்தின் போக்கையும் மாற்றிவிடும் செயலாகும்.

பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்களின் எண்ணிக்கை கூடிவருவதைக் காண்கிறோம். ருகூவுக்குக் குனிய இயலவில்லை, சுஜூதில் நெற்றி நிலம் தொடவில்லை என்பர். இவர்களுட் பெரும்பாலோர்க்கு முதுமையால் வந்த முழங்கால் மூட்டுத் தேய்வாகவே இருக்கலாம். நின்ற நிலையில் முழங்காலைப் படமெடுத்தால் எலும்புகளிடையே உள்ள இடைவெளி குறுகியிருப்பது தெரியும். ஆயின் தருமபுரிக் கிணற்று நீரில் வாழ்ந்தவர்க்கு முழங்காலோடு முதுகும் கழுத்தும் விறைத்திருப்பின் வேறு ஐயமும் எழ வேண்டும். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல், மோவாயை மார்பில் படவைத்தல், கைகளை உயர்த்திப் பிடரியைத் தொடுதல் ஆகிய மூன்றும் இயலுமா என்று பார்ப்பதே மருத்துவர் செய்யும் முதற் சோதனை. வயது ஆகிவிட்டது என்று ஒதுக்குவதற்கு முன் இதனை வீட்டிலேயே பார்க்கலாம்.

பின்னாளில் வந்த கருவிகளுக்கும் இந்நோயில் இடமுண்டு. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு இலண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்த சி.டி. ஸ்கேன், எலும்பைக் குறுக்குத் துண்டுகளாக்கிக் காட்டுகிறது. முதுகெலும்புக் குழாயினுள் எந்த நார் எலும்பாகி எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதை அது தெளிவாக உரைக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ காந்தப் புலத்தால் இயங்குவது. ஊடுகதிர் அதில் இல்லை. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்பதை அறிய அதுவே சிறந்தது. கால்கள் மரத்துத் தள்ளாடுவோர், சிறுநீரை அடக்க மாட்டாதவர் ஆகியோர்க்கு இது தேவை, காலம் தாழ்த்தலாகாது. எலும்படர்த்தியை அளக்கும் டெக்சா சோதனை இங்கே நம்மை ஏமாற்றவும் கூடும். புளூரைடு எலும்பின் அடர்த்தி மிகுந்திருப்பதால் எண்ணிக்கை நன்றாகவே தோன்றும். எலும்போ கனமிருந்தும் உறுதியின்றி முறியும் இயல்பினது.

ஊடுகதிருக்கும் ஓர் எல்லை உண்டு. நோயின் தொடக்கத்தில் படம் இயல்பாகவே இருக்கும். மூட்டுவலி மட்டுமே இருக்கும். படத்தில் வெளுப்புத் தோன்றும்போது ஆண்டுகள் பல கழிந்திருக்கும். ஆகவே நீரையும் சிறுநீரையும் சோதிப்பது படத்துக்கு முந்தியது. குழந்தைகளிடத்தோ இன்னொரு வேறுபாடு. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவோடு இந்நீரும் சேரும்போது முழங்கால்கள் உள்நோக்கி வளைவதும், கையெலும்பு காலெலும்புகள் வெளுப்பதற்கு மாறாக மெலிவதும் நேர்கின்றன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இதனை 1973இல் வெளிப்படுத்தினர்.

எலும்பாகிவிட்ட நாரைப் பழைய நாராக்கும் மருந்து இல்லை. நீரை மாற்றுவதே மருத்துவம். நாடளாவிய புளூரைடு நோய்த் தடுப்புத் திட்டம் 2008-09இல் தொடங்கப்பெற்று, தருமபுரியும் அதிற் சேர்க்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. குடிப்பதற்குக் காவிரி நீர், சமைப்பதற்குப் பழைய ஆழ்துளைக் கிணறு என்று பிரித்துக்கொள்ளும் வீடுகள் சோற்றின் வழியும் குழம்பின் வழியும் அதே புளூரைடை உண்கின்றன என்பதைத் தாய்மார்கள் அறிய வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பாலும் கேழ்வரகும் கீரையும் தரும் சுண்ணாம்புச் சத்து புளூரைடு உடலில் ஏறுவதைக் குறைக்கும். புளி உண்டால் சிறுநீர் வழி புளூரைடு மிகுதியாக வெளியேறுகிறது என்று ஐதராபாத் ஆய்வாளர் காட்டியுள்ளனர். புளிக்குப் பெயர்போன மாவட்டத்துக்கு இது பொருத்தமான செய்தியே. வைட்டமின் சி மிகுந்த நெல்லிக்கனியும் இந்நோயாளர்க்கு ஏற்றது. தகடூர் அதியமான் ஔவைக்கு ஈந்த கனியை நம் மாணவர் நினைவு கூர்வர். ஆயின் புளியும் நெல்லியும் துணையே. கிணற்றை மாற்றாமல் கனியை மட்டும் நம்புதல் தகாது.

2013க்குப் பின் பிறந்த தருமபுரிக் குழந்தைகளுள் மூத்தவர்க்கு இப்போது நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. அவர்கள் பள்ளியில் வரிசையாக நின்று வாயைத் திறந்து காட்டினால், எந்த ஊரில் எந்தத் தெருவில் இன்னும் பழைய நீர் குடிக்கப்படுகிறது என்பதை ஊடுகதிர்ப் படத்துக்குப் பல ஆண்டு முன்னதாகவே ஒரு பல் மருத்துவரால் சொல்லிவிட இயலும்.