சுருட்டும் கள்ளும்: ஒரு சேர்க்கையின் இரசாயனம்

சிறு ஆலைகளில் கைப்பக்குவமாக வடிக்கும் பியருக்கு எந்தச் சுருட்டு இசைவானது என்று ஆராய்வது மேல்நாட்டு ரசிகர்களிடையே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஆயினும், புகையும் புளித்த பானமும் ஒன்றையொன்று நாடுகிற இந்தச் சம்பந்தத்தைக் காண நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு வாசலாக நிற்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தால், அந்தச் சேர்க்கையின் இரு பாதிகளுக்கும் நம்மிடமே நெடிய சரித்திரம் உண்டென்பது விளங்கும். ஒன்று பனை தருகிற கள், மற்றொன்று சுருட்டு. இரண்டும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் கைவேலை என்பதே அவற்றின் பொருத்தத்துக்கும், அந்தப் பொருத்தத்தில் மறைந்திருக்கும் அபாயத்துக்கும் மூலகாரணம்.

பனையேறி காலையும் மாலையும் மரமேறி, கட்டிவைத்த பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டுக் கலயத்தை மாட்டுகிறான். மரத்துக்குள் இருக்கும்வரை அந்தச் சாறு பரிசுத்தமானது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை கொண்டது. சீவிய முகத்தைத் தொட்ட கணத்திலேயே ஈஸ்டும், சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் இனங்களும் காற்றின் வழியாகவும் பூச்சிகளின் வழியாகவும் அதில் குடியேறுகின்றன. பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படி, கலயத்தின் அடியில் ஒட்டிக்கிடக்கும் பழைய மண்டி அவற்றுக்குத் துணைசெய்கிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் காரத்தன்மை மிகுந்து அந்த உயிர்கள் அடங்கிப்போகும். கிடைப்பது, கன்னியாகுமரி மாவட்டத்தார் அக்கானி என்று அழைக்கும் பதநீர். சுண்ணாம்பில்லையேல் சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்து, ஒரே நாளில் பியருக்கு ஒப்பான, நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயமுள்ள, நுரைத்துப் புளிக்கும் கள்ளாகிவிடும்; மேலும் வைத்திருந்தால் காடியாகும். 1987 முதல் கள் இறக்குவதற்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் கடைவைத்து விற்கப்படும் பொருள் இப்பால் குற்றமாகிறது. அந்தக் குற்றத்துக்கும் குற்றமின்மைக்கும் நடுவே நிற்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு.

புகையிலையின் கதையும் இந்தப் பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. 1956 நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணையும்வரை மலையாள ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த இந்த நாட்டில், முன்னாளில் திருவிதாங்கூர் அரசு புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து இலையை வரவழைத்து விற்றுவந்தது. திவான் மாதவராவ் காலத்தில், 1860-களில்தான் அந்த ஏகபோகம் நீங்கிற்று. வடக்கே திண்டுக்கல்லும் திருச்சிராப்பள்ளியும் சுருட்டுக்குப் பேர்பெற்றவை. 1887-இல் வெளியான ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே, சாம்பலைக் கண்டு திருச்சிச் சுருட்டு என்று துப்பறியும் கட்டம் வருகிறது. பறித்த இலையை உலர்த்தி அம்பாரமாக அடுக்கிவைக்கும்போது, ஈரமும் நுண்ணுயிர்களும் நொதிகளும் சேர்ந்து குவியலின் நடுவே வெப்பத்தை எழுப்புகின்றன. அதனால் அம்மோனியா வெளியேறி, பச்சை நெடி குறைந்து, இலையில் உள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் பிறக்கின்றன. பதநீர் கொப்பரையில் காய்ந்து கருப்பட்டியாகும்போதும், பார்லி முளை வறுபட்டுக் கரும்பியருக்கு நிறம் தரும்போதும் நடப்பது இதே வகை வினைதான். ஆதலால் கரும்பியரும் சுருட்டும் சேர்வது ஒத்த குணத்தால் நேரும் உறவு.

கள்ளும் சுருட்டும் சேர்வதோ எதிர்க்குணத்தால் நேருவது. சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மையுடையது. அந்நிலையில் நிகோடின் கட்டவிழ்ந்து நின்று நாவில் கசந்து, தொண்டையில் எரிந்து, வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறுகிறது. புளித்த பானத்தின் அமிலம் வாயில் படும்போது அந்த நிகோடின் உப்பாக மாறி எரிச்சல் தணிகிறது. ஊறும் உமிழ்நீர் புகையின் பிசினைக் கழுவுகிறது. நுரையிலுள்ள வாயு நாவைச் சுறுக்கென்று தீண்டிப் புதிதாக்குகிறது. புகைப்பழக்கத்தை விட எண்ணுவோருக்குத் தரும் நிகோடின் சூயிங்கத்தை மெல்லும் நேரத்தில் காப்பியோ கோலாவோ அருந்தலாகாதென்று வைத்தியர்கள் விதிப்பதற்கும் இதுவே காரணம்: அமிலம் சேர்ந்தால் மருந்து உள்ளே ஏறாது. சுருட்டுக்காரரோ எரிச்சல் தணிந்ததைச் சுகமென்று எண்ணி, மறுபடியும் ஆழ இழுக்கிறார்.

இந்தச் சுகத்துக்கு ஆரல்வாய்மொழியின் காற்று சற்றும் இடங்கொடாதது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையிடுக்கில் நெருக்குண்டு முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றி வீசும்போது, திறந்த வெளியில் பற்றவைத்த சுருட்டின் நுனிக்கு இடைவிடாமல் பிராணவாயு கிடைக்க, கங்கு வெண்மையேறிச் சூடாகி, இலை ஒருபக்கமாகவே தின்னப்பட்டுப் போகும். வெப்பம் ஏறிய புகையில் நறுமணப் பொருள்கள் சிதைந்து கசப்பே மிஞ்சும். நல்ல சுருட்டை நிதானமாக இழுக்க வேண்டுமென்ற பழைய உபதேசத்தின் சாரமும் இந்த வெப்பக் கணக்குத்தான்.

இனி அபாயத்தைச் சொல்லவேண்டும். இலைக்கு மணமூட்டும் அதே அம்பாரத்தில்தான், சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, அது நிகோடின் முதலியவற்றோடு சேர்ந்து, புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் என்னும் புற்றுநோய்க் காரணிகளும் மிகுதிப்படுகின்றன. கள்ளுக்குப் போதையூட்டும் அதே சாராயம், வாயின் மென்தோலை எளிதில் ஊடுருவத்தக்கதாக்கி, அந்த நஞ்சுகளுக்கு வழி திறந்துவிடுவதோடு, தானும் அசிட்டால்டிஹைடாக மாறி உயிரணுக்களின் மரபுப் பொருளைக் கெடுக்கிறது. ஆகவே இவ்விரண்டின் தீங்கு கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. 1988-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிகுதியாகப் புகைத்து மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் இரண்டுமில்லாதவர்களைப்போல் 35 மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். வாய்ப்புற்று மிகுந்த நம் தேசத்துக்கு இந்தக் கணக்கு வேறெவரையும்விட அதிகம் பொருந்தும்.

அப்படியானால் ஒத்ததும் எதிரானதுமான சுவைகளைக் கூட்டி ரசிக்கும் வித்தையையே கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அக்கானியில் பச்சை மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடிக்கும்போது இனிப்பும் புளிப்பும் எதிர்நின்று இசைகின்றன. கருப்பட்டிக் காப்பியில் காய்ந்த சர்க்கரையின் மணமும் வறுத்த கொட்டையின் மணமும் ஒத்துநின்று கலக்கின்றன. கரும்பியருக்குச் சுருட்டு ஏன் இசைகிறதென்று விளக்கும் அதே சாஸ்திரம் இவற்றையும் விளக்கிவிடுகிறது. இவற்றில் இழப்பதற்கு நாவும் தொண்டையும் பணயமாக வைக்கப்படவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.