பெயர் சொல்லாமல் விற்கும் பிட்சர் பிளான்ட்

பூச்சி தின்னும் செடி என்று சொல்லி, பிட்சர் பிளான்ட் எனப்படும் குடுவைச் செடியான நெப்பந்தஸை நெடுஞ்சாலை ஓர நர்சரிகளிலும் ஆன்லைனிலும் விற்கிறார்கள். வாங்கிய சில வாரத்தில் குடுவைகள் காய்ந்துபோனால், வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்கிறார்; விற்றவர் 'தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க' என்று முடித்துவிடுகிறார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. இந்தச் செடி பிழைக்குமா, பிழைக்காவிட்டால் காசு திரும்புமா என்பதில் பாதிக்கு மேல் கடையிலேயே முடிவாகிவிடுகிறது. இனத்தின் பெயரையும் பில்லையும் கேட்டு வாங்கினோமா என்பதுதான் விஷயம்.

முதலில் பெயர். நெப்பந்தஸில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மலைகளில் வளர்பவற்றுக்கு இரவில் நன்றாகக் குளிர வேண்டும். தாழ்நிலக் காடுகளில் வளர்பவை நம் வெக்கையைத் தாங்கும். சென்னையில் அம்பத்தூர், ஆவடி பக்கம் கடற்காற்று வந்து சேரவே நேரமாகும், கத்திரி வெயிலில் இரவுப் புழுக்கமும் தணியாது. அங்கே மலை இனம் ஒன்றை வைத்தால் எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் தேறாது. பரவலாகக் கிடைக்கும் 'வென்ட்ராட்டா' கலப்பினம் அப்படியல்ல. நேரடி உச்சி வெயில் படாமல் நிழல் வலைக்கு அடியில் வைத்தால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பெயர் தெரியாவிட்டால் சட்டச் சிக்கலும் வரலாம். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ், மேகாலயாவின் காசி, ஜெயின்டியா, காரோ மலைகளில் உள்ள 'காசியானா'. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் அது இருக்கிறது. உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் மட்டுமல்ல, உரிமம் இல்லாதவரிடம் வாங்குவதும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். அழியும் இனத்தை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது நல்லதுதானே என்று சிலர் வாதிடுவார்கள். நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மலையிலிருந்து பிடுங்கி வந்து பால்கனியில் தனியாகத் தொங்கவிட்ட செடி ஒரு விதைகூடத் தராது. மலையில் ஒன்று குறைந்ததுதான் மிச்சம்.

அடுத்தது தண்ணீர். சத்தில்லாத மண்ணில் பிழைக்கப் பழகிய வேர் இது. பூச்சியைப் பிடிப்பதே மண்ணில் கிடைக்காத நைட்ரஜனுக்காகத்தான். அதனால் உப்பும் உரமும் இதற்கு விஷம் மாதிரி. குடிநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறது. நெப்பந்தஸுக்கு 50-க்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தாண்டினால் வேருக்கு ஆபத்து. நாம் குடிக்கத் தகுந்த தண்ணீரே இதற்கு ஆகாது என்னும்போது போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்ஓ தண்ணீரையும் நம்பி ஊற்றிவிட முடியாது. சுவைக்காகத் தாது சேர்த்துத் தரும் மெஷின்கள் இருக்கின்றன, டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது மொட்டை மாடி நீரைப் பிடித்து மூடிவைப்பதே மலிவான வழி. செம்மண், சாணி உரம், மண்புழு உரம் மூன்றும் வேண்டாம். தென்னை நார்க்கழிவையும் உப்புப் போகப் பலமுறை அலசிய பிறகே போட வேண்டும்.

வாங்கியவரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இடம் மாறிய செடியில் பழைய குடுவைகள் மூடியிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்பாகிக் காய்வது சகஜம். பார்க்க வேண்டியது நடுக்குருத்தை. அது பச்சையாக விரிந்து, புது இலையின் நுனிக்கொடியில் சின்ன மொட்டுப்போல் குடுவை திரளத் தொடங்கினால் செடி பிழைத்துவிட்டது, புகாருக்கே இடமில்லை. குருத்தே கறுத்து, தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர் அழுகி நாறினால் கதை வேறு.

'இது இருந்தால் கொசுவே வராது' என்ற விளம்பரம் வெறும் சரடு. தேனுக்காகக் குடுவை விளிம்பில் ஏறி வழுக்கி விழுபவை பெரும்பாலும் எறும்புகள். காட்டில் சில கொசு இனங்களின் புழுக்கள் குடுவை நீரிலேயே வளர்கின்றன! ஈரப்பதத்துக்காகத் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இன்னும் ஆபத்தானது. தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பத்து நாளைக்குள் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். இப்படிப் பொய் சொல்லும் விளம்பரங்களை விசாரிக்க 2020-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. அது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நீல நிறக் குடுவைப் படம் போட்டு விதை பாக்கெட் விற்பதும் இதே ரகம்தான். அசல் விதை நூலிழைபோல் மெல்லியது, சீக்கிரமே முளைப்புத் திறனை இழந்துவிடும். வெளிநாட்டிலிருந்து தபாலில் விதை தருவிப்பவர்களுக்கு இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை அப்படித்தான் சொல்கிறது.

இனி பில். சில நூறு ரூபாய்ச் செடிக்கு யாராவது பில் கேட்பார்களா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் உயிருள்ள செடிகளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. பில் போட்டால் விலை ஏறும் என்று கடைக்காரர் சொன்னால் அது சாக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், அப்படி எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்குதான். உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் எப்படித் தர முடியும் என்று நர்சரிக்காரர் கேட்பார். செடி சாகாது என்று அவர் எழுதித் தர வேண்டியதில்லை. சொன்ன இனத்தை, வேர் அழுகாமல் தந்தாரா என்பதற்கு மட்டும் அவர் பொறுப்பு. விதையும் உயிருள்ளதுதான்; ஆனாலும் தரமற்ற விதை வாங்கி நட்டப்பட்ட விவசாயிகள் நுகர்வோரே என்று 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துவைப்பது நல்லது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாக வந்த பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அங்கே நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு அதுவே பெரும்பாலும் போதும். அதையும் மீறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் சரி. விற்றவர் வெளி மாநிலத்தில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அது திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2018-லேயே சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்குள்ளவர்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும்.