சங்கை அங்கேயே விட்டுட்டு வாங்க: ஊர் சுத்தின நினைவுகளால வீட்டை அழகாக்குறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடை ஒரு கெட்ட வாடையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க நாலு பேர் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். காலையில கயாக்கிங், மதியம் மீன் குழம்பு, சாயங்காலம் கரையோரமா ஒரு நடை. அந்த நடையில ஒரு பை நிறைய சங்கும் சிப்பியும் பொறுக்கினேன். சென்னைக்கு வந்து குழாய்த் தண்ணியில கழுவி, ஒரு கண்ணாடி பாட்டில்ல போட்டு, ஜன்னல் திண்டுல வெச்சேன். போட்டோ எடுத்துப் போட்டேன். நல்லா லைக்ஸும் வந்தது.

மூணாவது நாள் ரூம்ல எலி செத்த மாதிரி ஒரு நாத்தம். கட்டிலுக்கு அடியில தேடினோம், சிங்க்குக்குக் கீழ தேடினோம். கடைசியில பார்த்தா அந்த பாட்டில். ஒரு சங்குக்குள்ள சின்னதா ஒரு நண்டு செத்துக் கிடந்தது.

அது ஹெர்மிட் கிராப். தமிழ்ல துறவி நண்டுன்னு சொல்வாங்க. மத்த நண்டு மாதிரி இதுக்கு உடம்பு முழுக்க ஓடு கிடையாது. பின்பக்கம் மெத்துனு இருக்கும். அதனால காலியான சங்கைத் தேடிப் பிடிச்சு அதுக்குள்ள குடியிருக்கும். உடம்பு வளர வளர அடுத்த சைஸ் சங்குக்கு மாறணும். ஒரு பெரிய சங்கு காலியா கிடந்தா, சில நேரம் நண்டுகள் சைஸ் வாரியா வரிசையில நிக்கும். முதல் ஆள் மாறினதும் அவர் விட்ட சங்குக்கு ரெண்டாவது ஆள், அவர் விட்டதுக்கு மூணாவது ஆள். நம்மள மாதிரியே வாடகை வீட்டுக்காரங்கதான். அப்படி ஒருத்தரோட வீட்டை, ஆள் உள்ள இருக்கும்போதே, என் வீட்டுக்கு அலங்காரப் பொருளா தூக்கிட்டு வந்திருக்கேன்.

போன இடம் நம்ம வீட்டுல தெரியணும்னு ஆசைப்படுறது தப்பே இல்ல. வீடுங்கறதே நாம எங்கெல்லாம் போயிட்டு வந்தோம்னு காட்டுற இடம்தானே? ஆனா எதை எடுத்துட்டு வர்றோம், எதை விட்டுட்டு வர்றோம்ங்கறதுல ஒரு கணக்கு இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

"ஒண்ணே ஒண்ணுதானே எடுத்தேன்!"

எல்லாரும் சொல்றது இதைத்தான். நானும் சொன்னேன். ஸ்பெயின்ல ஒரு கடற்கரையில ஆராய்ச்சியாளர்கள் இதை எண்ணிப் பார்த்தாங்க. 1978-81 காலத்துல கரையில எவ்வளவு சிப்பி கிடந்தது, 2008-10 காலத்துல எவ்வளவு கிடந்ததுன்னு ஒப்பிட்டாங்க. இடையில சுற்றுலாப் பயணிகள் கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆகியிருந்தாங்க. சிப்பிகள் 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தது. 2014-ல இந்த ஆய்வு வெளியாச்சு. யாரும் லாரி வெச்சு அள்ளல. ஆளுக்கு ஒரு கைப்பிடிதான்.

செத்துப்போன சிப்பிதானே, அதனால என்ன நஷ்டம்னு கேக்கலாம். நண்டுக்கு அது வீடு. பாசிக்கும் கடல் புல்லுக்கும் ஒட்டிக்க ஒரு பிடி. சில பறவைகள் கூடு கட்டவும் எடுக்கும். மிச்சம் பொடிஞ்சு மணலாகும், கரைஞ்சு கடலுக்கே சுண்ணாம்பா திரும்பும்.

இதுல சட்டமும் இருக்கு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2001-ல பவளப் பாறைகள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, சில சங்கு வகைகள் எல்லாத்தையும் சேர்த்தாங்க. கரையில தானா ஒதுங்கின பவளத் துண்டா இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துட்டு வரக் கூடாது. கடையில விலைக்கு வாங்கினாலும் அதே கதைதான். "கடையில வித்தாங்களே"ன்னு சொன்னா அது பதில் ஆகாது.

கல் மனசு

கடலை விட்டு மலைக்கு வருவோம். ட்ரெக் போயிட்டு ஒரு கூழாங்கல்லாவது எடுத்துட்டு வராத ஆள் கம்மி.

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு. கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி மண்ணுல புதைஞ்ச மரங்கள், கல்லா மாறிக் கிடக்கிற இடம். அங்கே போனவங்க சின்னச் சின்னத் துண்டா பையில போட்டுட்டுப் போவாங்க. அப்புறம் மனசு உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோட அதைத் தபால்ல திருப்பி அனுப்புவாங்க. இப்படி வந்த கடிதங்கள் நிறைய இருக்கு. ஆனா திரும்பி வந்த கல்லைப் பூங்காவுக்குள்ள மறுபடி வைக்க முடியாது. எந்த இடத்துல இருந்து எடுத்ததுன்னு தெரியாதே! தப்பான இடத்துல வெச்சா ஆராய்ச்சியே குழம்பிப் போயிடும். அதனால தனியா ஒரு குவியலா போட்டு வெச்சிருக்காங்க. இருந்த இடத்தை விட்டு எடுத்ததும் அந்தக் கல் சொல்லிட்டிருந்த கதை போயிடுது. பார்க்க அழகா இருக்கலாம், ஆனா இனி அது வெறும் கல்தான்.

இந்த மாதிரி கல்மரம் பார்க்க அரிசோனா போக வேண்டியதில்ல. விழுப்புரம் மாவட்டத்துல திருவக்கரையில ஒரு தேசியக் கல்மரப் பூங்கா இருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வாங்க. கையை மட்டும் வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.

வீட்டு அழகுக்கு வந்து காட்டை விழுங்கின செடி

செடி விஷயம் இன்னும் நுட்பமானது. மலையில பார்த்த ஒரு ஆர்க்கிட், ஒரு பெரணி, வேரோட எடுத்துட்டு வந்து பால்கனியில வெச்சா என்ன? முதல் விஷயம், மேல இருக்கிற குளிரும் ஈரமும் நம்ம ஊர் பால்கனியில கிடையாது. பெரும்பாலும் செத்துப் போயிடும்.

பூவும் அப்படித்தான். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா பூக்கும். மூணார் பக்கம் 2006-ல பூத்தது, 2018-ல பூத்தது, அடுத்தது கணக்குப்படி 2030. அந்தச் செடி வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் பூக்கும். விதை போடும், செத்துப் போயிடும். நாம ஒரு கொத்து பறிச்சு ஜாடியில வெச்சா, 12 வருஷமா அது காத்திருந்த விதையைப் பறிச்சிட்டோம்னு அர்த்தம். பாதுகாக்கப்பட்ட தாவரங்கள் பட்டியல்லயும் அது இருக்கு.

இப்போ தலைகீழா ஒரு கதை. உண்ணிச்செடி பார்த்திருப்பீங்க. மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸுமா சின்னச் சின்னப் பூக்கொத்து, இலையைக் கசக்கினா ஒரு வாசம். லான்டானான்னும் சொல்வாங்க. அதோட சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பிரிட்டிஷ்காரங்க தோட்ட அழகுக்காக இங்கே கொண்டு வந்தாங்க. அது வேலி தாண்டிடுச்சு. இன்னிக்கு முதுமலை, சத்தியமங்கலம் மாதிரி காடுகள்ல புதர் புதரா மண்டிக் கிடக்கு. அதுக்கு அடியில புல் வளராது. புல் இல்லைன்னா மானுக்கும் யானைக்கும் தீனி இல்ல. யாரோ ஒருத்தர் தோட்டத்துக்காகச் செஞ்ச தேர்வு, 200 வருஷம் கழிச்சு ஒரு யானையோட பசியா மாறியிருக்கு.

இதே செடிதான் இப்போ நல்ல விதமா வீட்டுக்கு வருது. கர்நாடகாவுல மலை மாதேஸ்வரா மலைப் பக்கம் சோலிகர் பழங்குடி மக்கள் இந்தத் தண்டை வெட்டி, வேகவெச்சு, பட்டையை உரிச்சு, பிரம்பு மாதிரி வளைச்சு நாற்காலி, கூடை எல்லாம் செய்றாங்க. கூடலூர் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் இதே குச்சியில நிஜ சைஸ் யானைகளே செஞ்சாங்க. 2024-ல அந்த யானைகள் நியூயார்க் வரைக்கும் போச்சு. சங்கு எடுத்தா கடலுக்கு நஷ்டம். உண்ணிச்செடியில செஞ்ச ஒரு ஸ்டூல் வாங்கினா காட்டுல கொஞ்சம் புதர் குறையும், செஞ்சவங்க கைக்குக் காசு போகும்.

அப்போ எதை எடுத்துட்டு வரலாம்?

நான் மூணு கேள்வி வெச்சிருக்கேன். இதை எடுத்தா அங்கே யாருக்காவது குறையுமா? இதை யார் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியுமா? ஒரு வருஷம் கழிச்சு இதைப் பார்த்தா அந்த இடம் ஞாபகம் வருமா?

இதுல பாஸ் ஆகுற முதல் பொருள் மேப். சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 அளவுல வரைபடங்கள் வெளியிடுது. அதாவது நிலத்துல 1 கிலோமீட்டர் தூரம் பேப்பர்ல 2 சென்டிமீட்டர். ஒரு ஏ3 தாள்ல ஏறக்குறைய 21 கிலோமீட்டருக்கு 15 கிலோமீட்டர் அடங்கிடும். ஒருநாள் ட்ரெக்குக்கு அது தாராளம். அதுல நீங்க நடந்த பாதையைச் சிவப்பு மையில வரைங்க. எங்கே மழை பிடிச்சது, எங்கே கால் பிசகிச்சுன்னு பென்சில்ல எழுதுங்க. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதைகள் இருக்கு, கூடவே வழிகாட்டியும் வருவாங்க. அந்த அண்ணன்கிட்ட வழியில பார்த்த மரத்துக்கும் ஓடைக்கும் அவங்க ஊர்ப் பேரைக் கேட்டு அதையும் மேப்ல எழுதுங்க. எந்தக் கடையிலயும் அது கிடைக்காது.

ரெண்டாவது போட்டோ. 12 மெகாபிக்சல் போன்ல எடுத்த படம் ஏறக்குறைய 4000க்கு 3000 பிக்சல். ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்னு பிரிண்ட் போட்டா 13க்கு 10 அங்குலம் வரும். அதே படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா சுருங்கிடும். அதைப் பெருசா பிரிண்ட் போட்டா மலை கட்டம் கட்டமா தெரியும். அதனால ஃப்ரெண்ட் எடுத்த படம்னா, டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

மூணாவது, அந்த ஊர் கைவேலை. நீலகிரி போனா தோடர் பூவேலை. வெள்ளைத் துணியில கருப்பும் சிவப்பும் நூல். கோடு எதுவும் வரையாம, இழையை எண்ணி எண்ணியே பெண்கள் போடுறது. 2013-ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. திருநெல்வேலிப் பக்கம் போனா பத்தமடைப் பாய். தாமிரபரணிப் பக்கம் விளையுற கோரையில நெய்றது. தரையில போடலாம், சுவர்லயும் மாட்டலாம்.

ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்ற ஹவுஸ் ஓனர்

நம்மள்ல பாதிப் பேர் பிரச்சினை இதுதான். ஒட்டுற ஸ்ட்ரிப் வாங்குறதுக்கு முன்னாடி சுவத்துல விரலைத் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளைப் பொடி ஒட்டுதா? அது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ. ஸ்ட்ரிப் நிக்காது, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃப்ரேம் விழும். அந்த மாதிரி சுவர்னா ஃப்ரேமை மாட்டாதீங்க. மேஜை மேல, அலமாரி மேல சாய்ச்சு வைங்க. இல்லைன்னா ஜன்னல் கம்பியில ஒரு சணல் கயிறு கட்டி, துணி கிளிப்ல படங்களைத் தொங்க விடுங்க. நேர் வெயில் படாத ஜன்னலா பாருங்க, வெயில்ல கலர் வெளுத்துடும்.

மாட்ட முடிஞ்சா, படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து 145 சென்டிமீட்டர் உயரத்துல வரணும். நிக்கிற ஆளோட கண் மட்டம் அது. ஆனா பாய் விரிச்சு உட்கார்ற வீடுன்னா கண்ணும் கீழ இருக்கும், படமும் கீழ இறங்கணும்.

கடைசியா, உங்க பேக், கயிறு, தொப்பியைப் பரண்ல தூக்கிப் போடாதீங்க. கதவுக்குப் பின்னாடி ஒரு கொக்கியில கண்ணுல படுற மாதிரி மாட்டுங்க. டென்ட்டை மட்டும் நிழல்ல நல்லா காயவெச்சு மடிங்க. ஈரத்தோட வெச்சா பூஞ்சை பிடிக்கும், நாள் பூரா வெயில்ல போட்டா துணி நைஞ்சு போயிடும். ஸ்லீப்பிங் பேகை இறுக்கிச் சுருட்டி வைக்காம ஒரு பெரிய பருத்திப் பையில தளர்வா போட்டு வைங்க.

என் பாட்டில் கதையை முடிச்சிடுறேன். மீதி இருந்த சங்குகளை அடுத்த தடவை போனப்போ அதே கரையில விட்டுட்டு வந்தேன். செத்துப் போன நண்டுக்கு அதனால ஒண்ணும் ஆகப் போறதில்ல, அது எனக்குத் தெரியும். பாட்டில் இன்னும் அதே ஜன்னல் திண்டுலதான் இருக்கு. அதுல இப்போ மணி பிளான்ட் வளருது. பக்கத்துல அந்தக் கடற்கரையோட மேப் சாய்ச்சு வெச்சிருக்கேன். நாங்க நடந்த தூரம் அதுல சிவப்புக் கோடா, சரியா 5 சென்டிமீட்டர் இருக்கும். வீட்டுக்கு வர்றவங்க "இது என்ன இடம்?"னு கேக்குறாங்க. பாட்டில் நிறைய சங்கு இருந்தப்போ ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும் நல்லா சுத்துங்க, பத்திரமா வீடு வந்து சேருங்க.