ஸ்டெப்னியே வண்டியானால்?

ஒரு காலத்தில் ஆகுர்டி என்றால் ஸ்கூட்டர், ஸ்கூட்டர் என்றால் சேத்தக் என்றிருந்தது. 1972ல் வெளிவந்த அந்த வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 2007ல் ஆகுர்டி ஆலையில் வண்டி உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்த நம்மவர்கள் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து இங்கேயே தங்கிவிட்டார்கள். 2022 ஜூன் மாதம் அதே ஆகுர்டியில் மின்சார சேத்தக்குக்கென்று புதிய ஆலை திறக்கப்பட்டது. பெட்ரோல் போய் பாட்டரி வந்தது. ஆனால் சக்கரம் இரண்டுதான்.

இப்போது அதிலும் ஒன்றைக் குறைத்துவிட்டார்கள்! பழைய சேத்தக்கில் தொங்கிய ஸ்டெப்னியை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த ஒற்றைச் சக்கரத்தின் இரு பக்கமும் கால் வைக்க இரண்டு பலகை. உள்ளே மோட்டார், பாட்டரி, சாயாமல் பார்த்துக் கொள்ளும் கருவி. ஹாண்டில் கிடையாது, சீட் கிடையாது, பிரேக் கம்பி கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். இதுதான் மின்சார ஒற்றைச் சக்கர வண்டி. அமெரிக்காவில் ஷேன் சென் என்பவர் 2011 வாக்கில் விற்பனைக்குக் கொண்டு வந்தார். பிறகு சீனக் கம்பெனிகள் பிடித்துக் கொண்டன. சிறிய ரகம் 12 கிலோ முதல் 14 கிலோ வரை இருக்கும். சூட்கேஸ் போலக் கையில் தூக்கிக் கொண்டு போகலாம்.

விளையாட்டுச் சாமான் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சிஞ்ச்வட், ஆகுர்டி, நிக்டி பக்கத்து இளைஞர்களிடம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கயாக் என்னும் துடுப்புப் படகோடு தண்ணீரைத் தேடிப் போகும் பழக்கம் பரவி வருகிறது. படகோடு இந்தச் சக்கரத்தையும் எடுத்துப் போகலாமா, எந்த ரகத்தை வாங்கலாம் என்ற யோசனை அவர்களில் சிலருக்கு வந்திருக்கிறது. தீபாவளி போனஸை எண்ணி வைத்துக் கொண்டு யோசிக்கிறார்கள்.

போகும் வழி தண்ணீர், வரும் வழி?

ஆற்றில் படகு விடுகிறவனுக்கு உள்ள பழைய சங்கடம் இது. ஆறு ஒரு பக்கம்தான் ஓடும். புறப்பட்ட இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு 12 கி.மீ. கீழே போய்க் கரையேறினால், மோட்டார் சைக்கிள் 12 கி.மீ. மேலே நிற்கும்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். காவிரியில் சுழன்று சுழன்று கீழே வந்த பரிசல்காரர், ஆட்களை இறக்கிவிட்டதும் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் போட்டுக் கொண்டு பாறைகளின் மேல் நடந்தே திரும்புவார். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை இரண்டு காலில் நடப்பது போல இருக்கும். வரும்போது படகு மனிதனைச் சுமந்தது. போகும்போது மனிதன் படகைச் சுமக்கிறான். மூங்கிலால் பின்னிய இலேசான பொருள் என்பதால்தான் இது சாத்தியம்.

புனே பக்கத்தில் துடுப்புக்காரர்கள் அதிகம் போகும் ஆறு குண்டலிகா. தாம்ஹினி கணவாய் வழியாக இறங்கினால், ஆகுர்டியிலிருந்து நூறு கி.மீ.க்கு மேல் இருக்கும். அந்த ஆற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. முல்ஷி அணையில் தேங்கும் நீர், இயற்கையாக ஓடியிருந்தால் முலா, பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். டாட்டா கம்பெனி அதை மலைக்கு மேற்கே திருப்பி, பீரா என்ற இடத்தில் மின்சாரம் எடுக்கிறது. அந்த மின் நிலையம் 1927ல் ஓடத் தொடங்கியது. அணைக்காக நிலம் இழக்க இருந்த விவசாயிகள் 1921ல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்த கதை தனிக் கதை; இந்தப் பக்கத்தில் வேலைக்கு வந்தவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய கதையும் கூட. மின்சாரம் எடுத்து முடிந்த நீர்தான் குண்டலிகாவில் விழுகிறது. ஆகவே மழை இல்லாத மாதங்களிலும் காலை வேளையில் நீர் திறந்துவிட்டால் ஆறு துள்ளிக் கொண்டு ஓடும். கோலாட் பக்கத்தில் ரப்பர் படகு விடும் நிறுவனங்கள் இந்த நீரை நம்பித்தான் நடக்கின்றன. சுமார் 12 கி.மீ. ஓட்டம். கூட்டமாகப் போகிறவர்களை நிறுவனத்தின் ஜீப் திருப்பிக் கொண்டு வந்துவிடும். சொந்தப் படகோடு தனியாகப் போகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

அங்கேதான் சக்கரம் ஆசை காட்டுகிறது. படகில் அதையும் கட்டிக் கொண்டு போய், கரையேறியதும் சக்கரத்தில் ஏறிப் பறந்து வந்து வண்டியை எடுத்துப் போய்ப் படகை ஏற்றிக் கொள்ளலாம் அல்லவா?

கணக்குப் போட்டால்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பாட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்ற அளவில் சொல்கிறார்கள். 70 கிலோ ஆளைச் சுமந்து ஒரு கிலோமீட்டர் போகச் சமதளத்தில் 12, 15 வாட்-மணி செலவாகும். மேடு பள்ளமான கொங்கணச் சாலையில் 18, 20 என்று வைத்துக் கொள்வது நல்லது. ஆறு 12 கி.மீ. என்றால் சாலை சுற்றிக் கொண்டு 15 கி.மீ. ஆகலாம். 15ஐ 18ஆல் பெருக்கினால் 270. சிறிய சக்கரத்தில் இருப்பது 320 வாட்-மணி. போதுமே என்று தோன்றும். போதாது! பாட்டரி ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் சக்கரம் தானாகவே பலகையைப் பின்னால் சாய்த்து வேகத்தைக் குறைத்துவிடும். ஆக, கைக்குக் கிடைப்பது 256 தான். கடைசி ஒரு கிலோமீட்டர் சக்கரத்தைத் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டியதுதான். பாட்டரி பழசானால் நடை இன்னும் நீளும். எனவே 500 வாட்-மணி ரகத்துக்குக் குறைந்து வாங்கிப் பிரயோசனமில்லை. அது 14 கிலோ. அதற்கு மேல் போனால், குழியில் அதிராத ஸ்பிரிங் வைத்தவை 25 கிலோவைத் தாண்டும், படகு தாங்காது.

சக்கரத்தின் குறுக்களவும் கவனிக்க வேண்டியது. 14 அங்குலம் தூக்கச் சுலபம், ஆனால் மழையில் அரித்த சாலைக் குழியில் விழுந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். 16 அங்குலம் நடுத்தரம்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரம் இருக்கும். தெறிக்கும் நீரைத் தாங்குவது வேறு. மூழ்கினால் தாங்குவது வேறு. ஆற்றில் படகு கவிழாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே வாய் சுருட்டி அடைக்கும் நீர் புகாத பை அவசியம். அதில் ஒரு நன்மையும் உண்டு. 14 கிலோச் சக்கரத்தை 60 லிட்டர்ப் பையில் காற்றோடு அடைத்தால், படகு கவிழ்ந்தாலும் பை மிதக்கும். பையைப் படகோடு கட்டலாம். எந்தக் காரணத்தைக் கொண்டும் இடுப்போடு கட்டக் கூடாது. பைக்குள் நீர் புகுந்துவிட்டால் பிறகு அந்தச் சக்கரத்தை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றக் கூடாது. லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் லேசில் அணையாது. 2016ல் அமெரிக்காவில், இதற்கு உறவான ஹோவர்போர்டு என்ற இரட்டைச் சக்கரப் பலகைகளை, தீப்பிடிக்கிற காரணத்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற நேர்ந்தது.

மலை இறக்கத்தில் இன்னொரு வினோதம். இந்தச் சக்கரத்துக்கு மோட்டாரே பிரேக். இறக்கத்தில் அது மின்சாரத்தை உற்பத்தி செய்து பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பாட்டரி ஏற்கனவே நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. சக்கரம் கூவி எச்சரிக்கும். இறங்காவிட்டால் கீழே தள்ளும். முழு சார்ஜோடு கணவாயில் இறங்குவது விபரீதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும், மணிக்கு 25 கி.மீ.க்கு உட்பட்ட வேகமும் உள்ள மின் வண்டிக்குத்தான் ரிஜிஸ்டிரேஷனும் லைசென்ஸும் வேண்டாம். அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்று வேண்டும். அப்படிப்பட்ட நிலையங்களில் முக்கியமானது நம் புனேயிலேயே, கோத்ரூட் பக்கம் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. ஒற்றைச் சக்கரங்களில் பெரும்பாலானவை 500 வாட்டுக்கு மேல். பொதுச் சாலையில் ஒருவர் மேல் மோதிவிட்டால், வண்டிக்கு நம்பரும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. சொந்த ஊருக்கு விமானத்தில் கொண்டு போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பாட்டரியைப் பயணிகள் கொண்டு போக அனுமதியில்லை.

விலை? சுங்க வரியும் சேர்ந்து லட்ச ரூபாயைத் தொடும். பெரியவை அதற்கு மேல்.

சிஞ்ச்வட் மெஷின் ஷாப் ஒன்றில் வேலை பார்க்கும் நெல்லைச் சீமை இளைஞர் ஒருவர், இரண்டு வருஷ போனஸையும் ஓவர்டைம் பணத்தையும் சேர்த்து வைத்துக் கொண்டு, ஸ்கூட்டர் ஆலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்கப் போனார். பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அது சரி தம்பி, சக்கரத்தை ஏன் படகிலே ஏத்தணும்?"

"கரையேறின இடத்திலேருந்து திரும்பி வரணுமே, அண்ணாச்சி."

"கரையேறப் போற இடம் முன்னாடியே தெரியும்லா? காலையிலே வண்டியிலே போறப்ப அங்கே ஒரு டீக்கடையிலே சக்கரத்தைக் கொடுத்து வச்சிட்டு, பெறகு மேலே போயி படகை எறக்கேன். ஆத்துக்குள்ளே அதுக்கு என்ன வேலை?"

இளைஞர் யோசித்தார். பெரியவர் விடவில்லை.

"டீக்கடையிலே வைக்கதுன்னு ஆயிட்டா, லட்ச ரூவாச் சக்கரம் எதுக்கு? ஒரு சைக்கிளை வச்சிட்டுப் போயேன்."

விஷயத்தின் சாரம் இந்த இரண்டு கேள்வியில் வந்துவிட்டது. பவனா அணை போன்ற தேங்கிய நீரில் சக்கரத்தைப் படகில் ஏற்றலாம், ஆபத்தில்லை. ஆனால் அங்கே புறப்பட்ட கரைக்கே துடுப்புப் போட்டுத் திரும்பிவிடலாம், சக்கரமே தேவையில்லை. குண்டலிகாவில் தேவை உண்டு. ஆனால் அந்தப் பாய்ச்சலில் 14 கிலோவைப் பின்னால் கட்டிக் கொண்டு போவது படகின் நிலையைக் கெடுக்கும். காற்றடிக்கும் சிறிய படகு 100 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுவதே விவேகம். ஆளும் சக்கரமுமே 84 கிலோ ஆகிவிடுகிறது.

இரண்டு மூவாயிரத்துக்குப் பழைய சைக்கிள் கிடைக்கும். இருபதாயிரத்துக்குள் மடக்கும் சைக்கிள் கிடைக்கும்; அதுவும் 14 கிலோதான். பாட்டரி இறங்காது, லைசென்ஸ் கேட்க மாட்டார்கள், திங்கட்கிழமை ஷிப்டுக்கும் உதவும். சக்கரம் ஓட்டப் பழக முழங்கால் தோல் உரிய வேண்டும். சைக்கிள் ஏற்கனவே தெரிந்த வித்தை.

ரயில் சுமந்த படகு

இதைவிட மலிவான வழியும் உண்டு. ஜெர்மனியில் 1905ல் ஆல்பிரட் ஹொய்ரிக் என்ற மாணவர் மடித்துப் பையில் வைக்கும் துடுப்புப் படகு ஒன்றைச் செய்தார். ரோசன்ஹைம் என்ற ஊரில் தையல் கடை வைத்திருந்த யோஹான் கிளெப்பர் 1907ல் அதன் உரிமையை வாங்கி விற்க ஆரம்பித்தார். மூட்டையைத் தோளில் போட்டுக் கொண்டு ரயிலில் மலையடிவாரம் போவது, படகை விரித்து ஆற்றோடு இறங்குவது, கீழே மறுபடி மடித்து ரயிலேறி வீடு திரும்புவது என்று சாதாரணத் தொழிலாளிகள் கூட ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தார்கள். ஆஸ்கார் ஸ்பெக் என்பவர் அப்படிப்பட்ட மடக்குப் படகில் 1932ல் ஜெர்மனியில் புறப்பட்டு, இந்தியக் கரையையும் இலங்கையையும் தொட்டுக் கொண்டு 1939ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். யுத்தம் மூண்டிருந்ததால் அவரைப் பிடித்துக் காவலில் வைத்தது அவர் துரதிருஷ்டம்!

இன்று காற்றடிக்கும் கயாக், பம்பு, துடுப்பு எல்லாம் சேர்ந்து 15 கிலோவுக்குள் ஒரு பையில் அடங்குகிறது. நீண்ட தூர ரயிலில் இரண்டாம் வகுப்புப் பயணிக்கு 35 கிலோ வரை சாமான் கட்டணமின்றி அனுமதி. புனே-லோணாவளா லோக்கலில் ஷிப்ட் விடும் நேரத்தில் இந்த மூட்டையோடு ஏறினால் வசவு வாங்க வேண்டும். ஞாயிறு காலையில் ஏறினால் யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் வண்டி எங்கே நிற்கிறது என்ற கவலையே இல்லை. ஸ்டேஷன் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

லோணாவளாவிலிருந்து காம்ஷெட், தேஹு ரோடு வரை இந்திராயணி ஆறு ரயில் பாதையை ஒட்டினாற்போல வருவதால், அங்கே போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வழியெல்லாம் தடுப்பணைகள். பேக்டேவாடி ஸ்டேஷனுக்கு அருகே குந்த்மளாவில் ஆறு குடைந்த பாறைக் குழிகள். 2025 ஜூன் 15ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கேயிருந்த இரும்புப் பாலம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். மழைக் காலத்தில் அந்த ஆற்றில் படகை இறக்குவது பற்றிப் பேச்சே வேண்டாம். மற்ற மாதங்களிலும் காம்ஷெட் பக்கத்து ஏரிகளில் படகு விடும் பயிற்சியாளர்களைக் கேட்டு, லைப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக் கொண்டு, குறைந்தது இரண்டு படகாகப் போவதே வழக்கம்.

நெல்லை இளைஞர் இப்போதைக்குச் சக்கரத்தை வாங்கவில்லை. காற்றடிக்கும் படகு ஒன்றுக்கும் நல்ல லைப் ஜாக்கெட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சைக்கிள், பெரியவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. டியூப் மட்டும் மாற்ற வேண்டியிருந்ததாம்.