புத்தி வருமா, ஐயா?



குழந்தைகள் வார்டில் ஜெபிக்கப் போகும்போது பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் கேட்பார்கள், நம் பக்கத்தார் தமிழில் கேட்பார்கள். டாக்டர் 'டவுன் சிண்ட்ரோம்' என்று சொல்லி, பொறுமையாக விளக்கியும் இருப்பார். ஆனால் பக்கத்துக் கட்டிலில் யாரோ "மூளை வளர்ச்சி இல்லையாம்" என்று சொன்னதுதான் அவர்கள் மனதில் தங்கியிருக்கும். நம்மைத் தாங்கும் சபையாரிலும் சிலர், "இப்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து என்ன பலன்?" என்று கேட்பதுண்டு. இரண்டும் ஒரே கேள்விதான். ஆகையால் இந்த இதழில் அதற்கே இடம் கொடுக்கிறேன்.

முதலில் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. இப்பிள்ளைகளுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கும். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1866இல் இவர்களைப் பற்றி எழுதினார். காரணம் தெரிய வந்ததோ 1959இல், பாரிஸில் ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பிறகுதான். (அப்போது நம் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது; 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அவ்வளவு சமீபத்திய செய்தி இது.) தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு அதிகம், ஆனாலும் இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிறக்கிறது. கிரகணத்தன்று வெளியே வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அக்காள் மகளைக் கட்டியதால் வந்தது என்று மாமியார் வீட்டில் பழி சொல்வார்கள். சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடுகிற பரம்பரை நோய்கள் வேறு உண்டு, இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இனி புத்தி விஷயத்துக்கு வருவோம். சர்டிபிகேட் வாங்கப் போனால் நுண்ணறிவுச் சோதனை செய்து ஓர் எண் எழுதித் தருவார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது 35க்கும் 70க்கும் இடையில் வரும். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கும் தகப்பன்மார் உண்டு. நாலு வயதில் 60 என்று இருந்தது, எட்டு வயதில் 50 என்று வந்துவிட்டது, பிள்ளைக்கு இருந்த புத்தியும் போகிறதே என்று கலங்குவார்கள்.

அவர்களுக்கு நம் ஊர் மலையைக் காட்டித்தான் விளக்குவேன். மலைப்படிகள் 365 என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பையன்கள் ஏறுகிறார்கள். ஒருவன் 100 படி ஏறும்போது மற்றவன் 60 ஏறியிருக்கிறான். முன்னவன் 200ஐத் தொடும்போது பின்னவன் 100இல் நிற்கிறான். கணக்குப் போட்டால் 60 என்பது 50 ஆகிவிட்டது. ஆனால் பின்னவன் ஒரு படியும் இறங்கவில்லை, 40 படி மேலே ஏறியிருக்கிறான். நுண்ணறிவு எண் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. பிள்ளை நேற்றைவிட இன்று என்ன கற்றான் என்பதை அது சொல்லாது.

இப்பிள்ளைகளின் சிந்தனை எல்லா வகையிலும் ஒரே அளவாகக் குறைந்திருப்பதும் இல்லை. அதிகமாக இடறுவது காதால் கேட்டதைச் சற்று நேரம் மனதில் வைத்திருக்கும் சக்தி. ஒருமுறை கேட்ட ஏழு எண்களை நம்மில் அநேகர் திருப்பிச் சொல்லிவிடுவோம். டவுன் சிண்ட்ரோம் உள்ள வாலிபர் பலருக்கு மூன்று, நான்குக்கு மேல் நிற்பதில்லை. "உள்ளே போய், அலமாரியில இருக்கிற சொம்பை எடுத்து, தண்ணி மொண்டு, தாத்தாவுக்குக் கொடு" என்று அம்மா ஒரே மூச்சில் சொன்னால், பிள்ளை உள்ளே போய் நின்றுவிடும். சொல் பேச்சு கேட்பதில்லை என்று முதுகில் ஒன்று விழும். பிள்ளை அடங்காமல் நிற்கவில்லை, சொன்னதில் பாதி காதோடு நழுவிவிட்டது. அதையே சொம்பைக் காட்டி, தாமே ஒருமுறை செய்து காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்துவிடும். கண்ணால் பார்ப்பதை இவர்கள் அதைவிட நன்றாக மனதில் வாங்குகிறார்கள், பிறர் செய்வதைப் பார்த்துச் செய்வதிலும் கெட்டிக்காரர்கள். பேச்சு வர வெகு நாள் ஆகும். ஆனால் அவர்கள் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகம். ஆகையால் அவர்கள் முன்னால் வைத்தே "இது ஒன்றுக்கும் உதவாது" என்று பேசுகிறவர்களை நான் கண்டிக்காமல் விடுவதில்லை.

இதை வைத்துத்தான் வாசிப்பின் வழியாகப் பேச்சைக் கற்பிக்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் லெஸ்லி டஃபன் என்ற தகப்பனார், மூன்று வயதிலேயே சொல் அட்டைகளைப் பார்த்து வாசிக்கக் கற்ற தம் மகளைப் பற்றி, போர்ட்ஸ்மத்திலிருந்த உளவியல் அறிஞர் சூ பக்லி அம்மையாருக்கு எழுதினார். அம்மையார் 1980களில் அதை ஆராயத் தொடங்கினார். காற்றில் மறையும் சொல்லைவிட அட்டையில் நிற்கும் சொல் இப்பிள்ளைகளுக்குப் பிடிகிடைக்கிறது. தமிழில் 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் சொல் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 'அம்மா', 'பால்', 'பஸ்' என்று முழுச் சொல்லையும் படத்தோடு காட்டலாம். காலண்டர் அட்டையும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

எல்லையில் இருக்கும் நம் ஊருக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். "இந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியே அதிகம், தெலுங்கை விட்டுவிடுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு புத்தி சொல்கிறவர்கள் அநேகர். கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் உடன் ஆராய்ந்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழியில் வளர்ந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள், ஒரே மொழியில் வளர்ந்தவர்களைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாட்டி பேசும் மொழியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்க அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அது போதும். ஏற்கெனவே குறைவாகப் பேசுகிற பிள்ளைக்குப் பேச ஒரு ஆளும் குறைவானேன்?

புத்தி மந்தம் என்று முடிவு கட்டுமுன் உடம்பைப் பார்க்க வேண்டும். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நடுக்காதில் நீர் கோத்து நிற்பது சாதாரணம். பலருக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. அதனால் பிள்ளை தூங்கி வழியும், கற்பது நின்றுபோகும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், தினம் ஒரு மாத்திரையில் சரிப்படும். கண்ணாடி தேவைப்படுகிறவர்களும் அநேகர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் கோளாறு உண்டு. இவற்றைக் கவனியாமல் எடுத்த நுண்ணறிவுச் சோதனையை நான் நம்புவதில்லை.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நம்பிக்கை நிலையம் என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக அங்கே இடமில்லை, பெற்றோரும் கூடத் தங்கிக் கற்பிக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். இது சரியான முறை என்பது என் எண்ணம். வாரம் ஒரு மணி நேரம் வரும் நிபுணரைவிட, சோறு ஊட்டும்போது "இன்னும்" என்று சொல்லக் கற்பிக்கும் தாயிடம் பிள்ளைக்கு ஆதாயம் அதிகம்.

நம் சபைகளிலும் ஒரு காரியம் யோசிக்க வேண்டியிருக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் பத்துக் கற்பனையையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்கிறோம். காதால் கேட்டதை வைத்திருக்க முடியாத வாலிபனுக்கு அது எவ்வளவு கடினம் என்று இப்போது தங்களுக்கு விளங்கும். அவன் தோற்றது விசுவாசத்திலா, ஞாபகத்திலா? படங்களைக் கொண்டு கற்பித்து, செய்து காட்டச் சொல்லிக் கேட்கும் போதகர்கள் இருக்கிறார்கள். ஒப்பிக்கவில்லை என்று வருஷா வருஷம் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1983இல் இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வருஷம், இன்று 60ஐ எட்டியிருக்கிறது. இருதய அறுவைச் சிகிச்சை அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆயுள் நீண்டபோது வேறொன்றும் வெளிப்பட்டது. அல்சைமர் என்னும் மறதி நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு இதே 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆகையால் மற்றவர்களுக்கு முதுமையில் வரும் மறதி, இவர்களில் பலருக்கு 50 வயதையொட்டியே வருகிறது. நாற்பதுக்கு மேல் ஒருவர் செய்துவந்த வேலையை விட்டுவிட்டால், 'எப்போதும் இப்படித்தான்' என்று இருந்துவிடாமல் அழைத்து வாருங்கள். தைராய்டு, காது, மனச்சோர்வு என்று மாற்றக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். அப்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, முன்பு என்னென்ன செய்வார் என்பதுதான். அதற்கு இப்போதே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்: தானே குளிப்பார், டீ போடுவார், அரக்கோணம் பஸ்ஸை அடையாளம் கண்டு ஏறுவார், தாத்தாவின் மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவார்.