ஈரப்பத மீட்டர் 65% காட்டுது, நம்பலாமா?

ரந்தாவ், லாபு, பகாவ் பக்கம் உங்கள் குடும்பத்தில் யாராவது தோட்ட வேலைக்குப் போகிறார்களா? அப்படியென்றால் இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

மெட்மலேசியாவின் வெப்ப எச்சரிக்கை முதல் நிலைக்கு, அதிகபட்ச வெப்பநிலை தொடர்ந்து 3 நாளாவது 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இதில் ஈரப்பதம் சேராது. ஆனால் காற்று ஈரமாக இருந்தால் வியர்வை காயாது, உடல் சூடும் தணியாது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் செம்பனைக் குலை வெட்டுபவர் மயங்கி விழலாம்.

5 விழுக்காடு என்ன பெரிய விஷயம்?

விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் 5 புள்ளி கூடக்குறைய இருக்கும். 65% காட்டினால், உண்மை 60 முதல் 70 வரை எதுவாகவும் இருக்கலாம்.

வெப்பநிலை 32.2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டின்படி, ஈரப்பதம் 60% என்றால் உடல் உணரும் சூடு சுமார் 38 டிகிரி. 70% என்றால் சுமார் 41, அதாவது ‘ஆபத்து’ நிலை. இது நிழலுக்கான கணக்கு. நேரடி வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

எங்கே தப்பு வருது?

* விடியற்காலை: ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டினால் பல உணரிகள் தடுமாறும். பனி படிந்த உணரி, வெயில் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அதிகமாகவே காட்டும்.
* ஈரத்துணி வெப்பமானி: பழைய முறைதான், ஆனால் துல்லியமானது. காய்ந்த வெப்பமானி 30, ஈரமானது 27 காட்டினால் ஈரப்பதம் சுமார் 79%. துணி அழுக்காகி 28 காட்டினால் 86% ஆகிவிடும். ஒரே டிகிரியில் 7 புள்ளி தப்பு!
* கைப்பேசி: பெரும்பாலானவற்றில் ஈரப்பத உணரியே கிடையாது. செயலி காட்டுவது வேறெங்கோ உள்ள நிலையத்தின் அளவு, அல்லது கணினிக் கணிப்பு.

வீட்டிலேயே சோதிக்கலாமா?

தாராளமா. ஒரு மூடியில் உப்பு போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி, 12 மணி நேரம் விடுங்கள். 75% காட்ட வேண்டும். 80 காட்டினால், அந்த அளவுக்குப் பக்கத்தில் 5 கழித்துப் படியுங்கள்.

அப்போ எதை நம்புவது?

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2016 வழிகாட்டி ஈரப்பதத்தை மட்டும் பார்ப்பதில்லை. வெயில், காற்றோட்டம் எல்லாம் சேர்ந்த அளவைப் பயன்படுத்துகிறது. அந்தக் கருவி இல்லையா? மீட்டரின் மோசமான எல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் எண்ணைப் பார்க்காதீர்கள். வேலையை நிறுத்தி நிழலுக்குப் போகச் சொல்லுங்கள்.